பழைய மடக்குக் கத்தியும் காலித் தோட்டாவும்: எந்தக் காலத்துப் பொருள் என்று கண்டுபிடிப்பது எப்படி

முதலில் கையில் இருக்கும் புளியைக் கீழே வையுங்கள். பிராசோ டப்பாவையும் மூடிவிடுங்கள். பரணில் கிடைத்த பேனாக்கத்தியோ, தோட்டத்து மண்ணைக் கொத்தும்போது வந்த காலித் தோட்டாவோ, அதைப் பளபளவென்று தேய்த்து எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணே, இது எந்தக் காலத்துது?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய சங்கதியில் பாதி அதற்குள் புளித்தண்ணீரோடு சாக்கடைக்குப் போயிருக்கும்.

குன்னூரில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். இந்த மலையில் கத்தியும் தோட்டாவும் அடிக்கடி கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெலிங்டனில் 1850களிலேயே வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் குடியிருப்புகள் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சுற்றிலும் துரைமார்களின் காப்பி, தேயிலைத் தோட்டங்கள். அவர்களுக்குப் பொழுதுபோக்கு வேட்டை. பக்கத்தில் அருவங்காட்டில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கார்டைட் தொழிற்சாலை, தோட்டாவுக்குள் போகிற மருந்தையே தயாரித்தது. பங்களா கைமாறும்போது டிரங்குப் பெட்டியோடு சேர்ந்து இவையும் வெளியே வருகின்றன. அதனால் நான் சொல்லப்போவது பெரும்பாலும் பிரிட்டிஷ், இந்தியச் சரக்கைப் பற்றியதுதான். அமெரிக்கா, சுவிட்சர்லாந்துப் பொருட்களையும் தேவையான இடத்தில் தொட்டுப் போகிறேன்.

அடிப்படை ஒன்றுதான். எந்த முத்திரையும் "நான் இன்ன வருஷத்தில் பிறந்தேன்" என்று சொல்வது அபூர்வம். "இந்த வருஷத்துக்கு முன்னால் நான் இருந்திருக்க முடியாது" என்றோ, "இந்த வருஷத்துக்குப் பிறகு இப்படி அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்" என்றோதான் சொல்லும். முன் எல்லை ஒன்று, பின் எல்லை ஒன்று என்று இப்படிக் குறித்துக்கொண்டே வந்து நடுவில் மிஞ்சுகிற இடைவெளியைக் குறுக்குவதுதான் வேலை. ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடிவு கட்டுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். கத்தியில் இருக்கும் எண் கடை விலாசமாக இருக்கலாம். தோட்டாவில் இருக்கும் எண் குழாய் அளவாக இருக்கலாம்.

தொடுவதற்கு முன்

கத்தியால் பெரிய ஆபத்து இல்லை. தோட்டா அப்படியல்ல. முனையில் குண்டு இருந்தால் அது காலித் தோட்டா இல்லை. கையில் எடுக்காமல் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அடியில் நடுவில் இருக்கும் கேப்பில் (ஊசி குத்தியதும் மருந்துக்குத் தீ வைக்கிற சின்னக் கிண்ணம்) குத்துப்பட்ட பள்ளம் இருக்கிறது, அதனால் வெடித்து முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. ஊசி குத்தியும் தீப்பிடிக்காமல் போன தோட்டா எத்தனையோ உண்டு. அதற்குள் மருந்து அப்படியே இருக்கும். வாய் பூவிதழ் மாதிரி மடங்கி மூடியிருந்தால் அது சத்தத்துக்கு மட்டும் சுடுகிற வெற்று வெடித் தோட்டா. அதிலும் மருந்து உண்டு. காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பது, சுத்தியலால் தட்டுவது, அடுப்பில் காட்டுவது எல்லாம் உயிரோடு விளையாடுவது. வாய் திறந்து, உள்ளே டார்ச் அடித்தால் அடிவரைக்கும் தெரிகிற உறையை மட்டும் கையில் எடுங்கள்.

உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். காலி உறைதானே என்று பையில் போட்டுக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஊர் விட்டு ஊர் கொண்டு போகாதீர்கள். ராணுவத் துப்பாக்கி சுடும் திடல்களில் தேடுவது எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். வெடிக்காத குண்டுகள் அங்கே மண்ணுக்குள் கிடக்கலாம்.

வாசிக்கிற விதம்

கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் கண்ணில் மாட்டுகிற லென்ஸ் ஒன்று, சின்ன டார்ச், வெர்னியர் காலிப்பர், பழைய பல் துலக்கும் பிரஷ், தென்னை ஈர்க்குச்சி. இவ்வளவு போதும். சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து மண்ணை மட்டும் எடுங்கள். எழுத்துக்குள் அடைந்த அழுக்கை ஈர்க்குச்சியின் நுனியால் மெதுவாக நோண்டுங்கள். ஊசி, குண்டூசி வேண்டாம், கீறிவிடும். கத்தி துருவேறித் திறக்கவில்லை என்றால் மூட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். காலையில் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் நகம் மாட்டும் பள்ளத்தோடு சேர்ந்து அலகும் உடையும்.

எழுத்து மங்கலாக இருந்தால் டார்ச்சை நேராக அடிக்காமல், மேஜையோடு மேஜையாகப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். அப்படியும் தெரியவில்லையா, கொஞ்சம் விபூதியை விரலில் எடுத்து எழுத்தின் மேல் தடவி, மேற்பரப்பை மட்டும் துணியால் ஒரு இழுப்பு. பள்ளத்தில் வெள்ளை நின்றுகொள்ளும். அப்போதே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

கத்தி

கத்தியைத் திறந்தவுடன் பார்க்க வேண்டிய இடம், அலகு கைப்பிடிக்குள் நுழைகிற தட்டையான அடிப்பகுதி. தயாரித்தவர் பெயர், ஊர், சின்னம் எல்லாம் அங்கேதான் குத்தியிருப்பார்கள். இரண்டு அலகு இருந்தால் இரண்டின் அடியையும், இரண்டு பக்கமும் பாருங்கள். பெரிய அலகில் கம்பெனி பெயரும் சின்ன அலகில் வேறு ஏதாவதும் இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் ஒரு அலகு பின்னால் மாற்றியது.

எங்கள் பக்கம் அதிகம் வருவது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்தி. அதிலும் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ். அவர்கள் சின்னம் ஒரு நட்சத்திரமும் அதன் பக்கத்தில் மால்டா சிலுவையும். கூடவே "நம்பர் 6, நார்ஃபோக் தெரு" என்று சில கத்திகளில் இருக்கும். அந்த 6 விலாசம், வேறொன்றுமில்லை. ஷெஃபீல்டின் இன்னொரு பெரிய கம்பெனியான ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் கத்திகளில் ஐ, எக்ஸ், எல் என்ற மூன்று எழுத்துகள், ஐக்கும் எக்ஸுக்கும் நடுவில் நட்சத்திரம். அந்தச் சின்னம் 1787இலிருந்து வருகிறது. அதனால் சின்னத்தை மட்டும் வைத்துக் கம்பெனியைச் சொல்லலாமே தவிர, காலத்தைச் சொல்ல முடியாது.

காலத்தைச் சொல்வது கிரீடம். ராட்ஜர்ஸ் அரண்மனைக்குக் கத்தி கொடுத்த கம்பெனி. அதனால் நடுவில் கிரீடமும், இடமும் வலமும் அரசரின் எழுத்துகளும் குத்துவார்கள். கிரீடத்தின் இரு பக்கமும் வி, ஆர் இருந்தால் விக்டோரியா ராணி: 1837 முதல் 1901 வரை. ஜி, ஆர் என்றால் பெரும்பாலும் ஐந்தாம் ஜார்ஜ் (1910–1936) அல்லது ஆறாம் ஜார்ஜ் (1936–1952). ஈ, ஆர் இருந்தால் கவனம் வேண்டும். ஏழாம் எட்வர்டு (1901–1910) ஆகவும் இருக்கலாம், 1952க்குப் பிறகு வந்த எலிசபெத் ராணியாகவும் இருக்கலாம். எட்வர்டு எட்டாமவர் ஒரு வருஷம்கூட ஆளவில்லை, அவரை விட்டுவிடலாம். இந்த இரண்டு ஈயையும் பிரிக்கக் கிரீடத்தின் வடிவத்தைப் பாருங்கள். ராஜாக்கள் காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் மேலே உருண்டு இருக்கும். எலிசபெத் காலத்துக் கிரீடத்தில் வளைவுகள் உச்சியில் உள்ளே குழிந்து இறங்கும். லென்ஸில் இது நன்றாகவே தெரியும். கத்தியில் "மாட்சிமை தங்கிய அரசிக்கு" என்று இருக்கிறதா "அரசருக்கு" என்று இருக்கிறதா என்பதும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லின் வித்தியாசம்தான், அதையும் படியுங்கள்.

அரசர் மாறிய மறுநாளே பட்டறையில் அச்சை மாற்றிவிட மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். பின் எல்லையை ஒன்றிரண்டு வருஷம் தளர்த்தியே எழுதுவேன்.

அடுத்தது நாட்டின் பெயர். வெளிநாட்டுப் பொருளை பிரிட்டிஷ் சரக்கு போல முத்திரை குத்தி விற்பதைத் தடுக்க 1887இல் பிரிட்டன் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜெர்மனியின் ஜோலிங்கன் ஊர்க்காரர்கள் ஷெஃபீல்டு கம்பெனிகளின் முத்திரையைப் போலவே குத்தி மலிவாக விற்றார்கள் என்பது அப்போது எழுந்த பெரிய புகார்களில் ஒன்று. "மேட் இன் ஜெர்மனி" என்ற வாசகம் பொருட்களில் பரவியது அதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் 1890இல் மெக்கின்லி சுங்கச் சட்டம் வந்தது. 1891இலிருந்து அங்கே இறக்குமதியாகும் பொருளில் எந்த நாட்டுச் சரக்கு என்று எழுதியிருக்க வேண்டும். ஆகவே ஷெஃபீல்டுக்குக் கீழே "இங்கிலாந்து" என்று நாட்டின் பெயரும் குத்தியிருந்தால் கத்தி பெரும்பாலும் 1891க்குப் பின்னால் வந்தது. இதைத் திருப்பிப் போட்டுப் படிக்கக் கூடாது. நாட்டின் பெயர் இல்லாததால் அதற்கு முந்தையது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவுக்குப் போகாமல் இந்தியாவுக்கு வந்த கத்தியில் அந்தப் பெயரைக் குத்த வேண்டிய கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லை. "மேற்கு ஜெர்மனி" என்று இருந்தால் மட்டும் சந்தேகமே வேண்டாம், 1949க்கும் 1990க்கும் நடுவில்தான்.

"ஸ்டெயின்லெஸ்" என்ற சொல் இன்னொரு நல்ல எல்லை. ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகை வார்த்தது 1913இல். அந்தச் சொல் குத்திய கத்தி அதற்கு முன்னால் இருக்கவே முடியாது. விக்டோரியா ராணியின் எழுத்தும் ஸ்டெயின்லெஸும் ஒரே அலகில் சேர்ந்து இருந்தால் அது பிற்காலத்துப் போலி, அல்லது பழைய பெயரை வைத்துப் பிழைப்பது.

கைப்பிடியை அவசரமில்லாமல் பாருங்கள். எருமைக் கொம்பு கறுப்பாக, வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் பழுப்பு கசியும். வருஷக்கணக்கில் காய்ந்து சில இடத்தில் செதிலாக எழும்பியிருக்கும். எலும்பில் நுண்ணிய கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும், அவை ரத்தக் குழாய் ஓடிய துளைகள். தந்தத்தில் அந்தத் துளைகள் இருக்காது. வெட்டு முனையில் இரண்டு பக்கமும் சாய்ந்த வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலைப்பின்னல் போட்டிருக்கும். தந்தம் போலவே செய்த செல்லுலாய்டில் கோடுகள் நேராக, ஒரே அளவில், அச்சடித்தாற்போல் ஓடும். விரலால் அழுத்திச் சூடு ஏறத் தேய்த்து முகர்ந்தால் லேசாகக் கற்பூர வாசம் வரும். செல்லுலாய்டு 1870 வாக்கில்தான் வியாபாரத்துக்கு வந்தது என்பதால் அதுவும் ஒரு முன் எல்லை. சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். செல்லுலாய்டு தீப்பிடித்து எரியும். பழைய செல்லுலாய்டு சிதைய ஆரம்பித்தால் அதிலிருந்து வரும் ஆவி பக்கத்தில் இருக்கும் எஃகையெல்லாம் அரித்துவிடும். அப்படிப்பட்ட கத்தியைத் தனியாக, காற்றாட வையுங்கள்.

கடமான் கொம்புக் கைப்பிடியைப் பற்றி இங்கே சொல்லாமல் போக எனக்கு மனசு வராது. கரடுமுரடாக, மரப்பட்டை மாதிரி வரிவரியாக இருக்கும். ஷெஃபீல்டும் ஜோலிங்கனும் அதற்காக இந்தியக் கொம்பைக் கப்பல் கப்பலாக வாங்கின. நம் காட்டுக் கொம்பு கடல் கடந்து போய், கத்தியாகி, துரையின் சட்டைப் பையில் உட்கார்ந்து இதே காட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. ஒரு கடமான் கத்தியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தப் பயணம் நினைவுக்கு வராமல் போவதில்லை. ஆனால் தந்தத்துக்கும் கடமான் கொம்புக்கும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. தாத்தா காலத்துப் பொருளாக இருந்தாலும் விற்பதற்கோ வாங்குவதற்கோ இறங்காதீர்கள். வீட்டில் இருந்தால் வனத்துறையில் கேட்டு ஒழுங்குபடுத்திக்கொள்ளுங்கள். என் கடையில் அவற்றை நான் தொடுவதில்லை. காலம் மட்டும் சொல்லி அனுப்புவேன்.

பட்டாளக் கத்தி சுலபம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் படைக் கத்தியில் நுனி மழுங்கிய அகல அலகு, டின் திறப்பான், கயிற்று முடிச்சை அவிழ்க்கும் தடித்த கூர் ஊசி, தொங்கவிட ஒரு வளையம், கட்டம் கட்டமாகக் கீறிய கறுப்புக் கைப்பிடி. அலகில் மூன்று கோடு சேர்ந்த அம்புக்குறி இருக்கும். அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து என்பதன் அடையாளம். பல கத்திகளில் பக்கத்திலேயே வருஷமும் நான்கு இலக்கத்தில் குத்தியிருக்கும். அம்புக்குறியோடு ஆங்கில ஐ எழுத்து சேர்ந்திருந்தால் இந்திய அரசுக்கு உரியது.

சுவிஸ் கத்தியைக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. கார்ல் எல்ஸனர் பட்டறை தொடங்கியது 1884. அதிகாரிகள் கத்தியைப் பதிவு செய்தது 1897. 1909இல் தாயார் விக்டோரியா காலமான பிறகு அவர் பெயரையே முத்திரையாக்கினார்கள். 1921இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் இனாக்ஸ் அதோடு சேர்ந்து விக்டோரினாக்ஸ் ஆனது. அலகின் அடியில் "விக்டோரியா" மட்டும் இருந்தால் அது பழையது, பத்திரமாக வையுங்கள். வெள்ளி நிற அலுமினியக் கைப்பிடி போட்ட 1961 மாதிரி சிப்பாய்க் கத்தியில் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கம் அலகடியிலேயே இருக்கும், வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள் படம் அனுப்பிக் கேட்பது பெரும்பாலும் கேஸ் கம்பெனிக் கத்தி. பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எக்ஸ் மட்டும் இருந்தால் பொதுவாக 1940–1964. அதோடு யு.எஸ்.ஏ. சேர்ந்தால் 1965–1969. 1970இல் கீழே 10 புள்ளி வைத்தார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு புள்ளியை எடுத்துவிட்டார்கள். 7 புள்ளி இருந்தால் 1973. எல்லாக் கம்பெனிக்காரர்களும் இவ்வளவு யோசித்திருந்தால் எங்கள் வேலை எவ்வளவோ லேசாகியிருக்கும்.

போலியைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய முத்திரை எஃகு அச்சால் அடித்து இறக்கியது. அடி வாங்கிய உலோகம் எழுத்தின் ஓரத்தில் மிக மெல்லிதாக எழும்பி நிற்கும், பள்ளத்தின் விளிம்பு கூராக இருக்கும். அச்சில் வார்த்த போலியில் எழுத்தின் ஓரம் உருண்டு, சோப்பில் எழுதினது போல் வழவழப்பாக இருக்கும். லண்டன், விக்டோரியா, வருஷம் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் வெளியே தெரியும்படி போட்டிருந்தால் இன்னும் நன்றாகச் சந்தேகப்படுங்கள். உண்மையான கத்தியில் முத்திரை அலகை மடக்கினால் மறைந்துவிடும் இடத்தில் அடக்கமாக இருக்கும்.

தோட்டா உறை

முதலில் அளவு, பிறகு எழுத்து. காலிப்பரால் மூன்று அளவு எடுங்கள்: உறையின் நீளம், அடி விளிம்பின் குறுக்களவு, வாயின் குறுக்களவு. வாய் நசுங்கியிருந்தால் நீளத்தையும் விளிம்பையும் வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். நீளம் 56 மி.மீ., தட்டு போல் வெளியே நீட்டிய விளிம்பு 13.7 மி.மீ., மேலே கழுத்து ஒடுங்கியிருந்தால் அது .303. பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா. இந்த மலையில் கிடைப்பதில் பாதிக்கு மேல் இதுதான். அதே அடி, ஆனால் கழுத்து ஒடுங்காமல் நேராகப் போகிறதா? போலீஸுக்கென்று துப்பாக்கியின் உட்குழலை மழமழப்பாகக் கடைந்து மாற்றினார்களே, அந்த .410 மஸ்கெட்டின் தோட்டா. நீளம் 50 மி.மீ. அளவில், அடி கொஞ்சம் அகலமாக இருந்தால் .315 ஆக இருக்கும். ராணுவத் தோட்டாவைப் பொதுமக்கள் வைத்துக்கொள்ளத் தடை இருந்ததால், உரிமம் வாங்கிய வேட்டைக்காரர்களுக்கென்று வந்த அளவு அது. விளிம்பு வெளியே நீட்டாமல் உடம்போடு ஒட்டி, மேலே ஒரு வெட்டுப்பள்ளம் ஓடி, நீளம் 51 மி.மீ. இருந்தால் 7.62 நேட்டோ, நம் படைக்கு வந்தது 1960களில். இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாக, தடித்த கழுத்தோடு, விளிம்பு 19 மி.மீ. அளவுக்கு இருந்தால், லீ-என்ஃபீல்டுக்கு முந்தைய பிரிட்டிஷ் துப்பாக்கியான மார்ட்டினி-ஹென்றியின் தோட்டா. அதில் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருளாகச் சுற்றிச் செய்தது இன்னும் பழையது, பூமியில் கிடந்தால் பெரும்பாலும் துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும்.

இப்போது அடியைத் திருப்புங்கள். கேப்பைச் சுற்றி வட்டமாக எழுத்துகள். .303இல் பார்க்க வேண்டியவை: யார் செய்தது, எந்த மார்க், எந்த வருஷம்.

யார் செய்தது என்பது ஓரிரு எழுத்து. நடுவில் அம்புக்குறியோடு ஆர், எல் இருந்தால் இங்கிலாந்தின் வுல்விச் ராயல் லேபரட்டரி. தனி கே என்றால் பர்மிங்ஹாம் பக்கத்து கைனாக். ஆர், ஜி என்றால் இங்கிலாந்தின் ராட்வே கிரீன் தொழிற்சாலை. கே, எஃப் என்றால் நம் புனே பக்கத்து கிர்க்கி, இன்றைய கட்கி. எங்கள் பக்கத்தில் அதிகம் கிடைப்பது இந்த கே.எஃப். எம் எழுத்தில் தொடங்கி எம்.எஃப்., எம்.ஜி. என்று வந்தால் ஆஸ்திரேலியா. டி, ஐ, கூடவே இசட் இருந்தால் இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கனடா. ஓ.எஃப்.வி. என்றால் மகாராஷ்டிரத்தின் வரன்காவ். 1960களில் வந்த தொழிற்சாலை அது, ஆகவே அதற்கு முந்தைய காலத்தை யோசிக்கவே வேண்டாம்.

மார்க் என்பது ரோமன் எண். ஆறு என்றால் 1904இல் ஏற்றுக்கொண்ட வடிவம், உருண்டை முனை, 215 கிரெய்ன் (சுமார் 14 கிராம்) எடையுள்ள குண்டு. ஏழு என்றால் 1910இல் வந்த கூர்முனைக் குண்டு, 174 கிரெய்ன். இரண்டு உலகப் போரிலும் சுட்டது இந்த ஏழுதான். அந்த ஏழை ரோமன் எழுத்தில் போடாமல் 7 என்று எண்ணாகப் போட்டிருந்தால் இரண்டாம் போரின் கடைசிக் கட்டத்துக்கோ அதற்குப் பிறகோ வந்துவிட்டோம். பக்கத்தில் இசட் இருந்தால் கார்டைட்டுக்குப் பதில் நைட்ரோ செல்லுலோஸ் மருந்து. ஜி என்றால் போகும் வழியைக் காட்டிக்கொண்டு போகிற ஒளித் தோட்டா, டபிள்யூ என்றால் கவசத்தைத் துளைப்பது, பி என்றால் தீ வைப்பது.

வருஷம் பெரும்பாலும் இரண்டு இலக்கம். 17 என்றால் 1917, 42 என்றால் 1942. பிரிட்டிஷ் .303இல் வருஷம் குத்த ஆரம்பித்தது 1907 வாக்கில். அதற்கு முந்தைய உறையில் வருஷம் இருக்காது. தயாரித்தவர், மார்க், கூடவே சி என்ற எழுத்து மட்டும். அந்த சி, கார்டைட்.

கார்டைட் என்பது தூளாக இருக்காது. சேமியாவைப் போல நீள நீளக் குச்சி. ஒடுங்கின கழுத்து வழியாக அந்தக் கட்டை உள்ளே நுழைக்க முடியாது. அதனால் உறை நேராக இருக்கும்போதே குச்சிக் கட்டைச் செருகிவிட்டு, அதற்குப் பிறகுதான் கழுத்தை நெரித்து ஒடுக்கினார்கள். மருந்து உள்ளே இருக்கும்போதே இயந்திரத்தில் கழுத்தை அழுத்துவது! அந்த வேலையைச் செய்த தொழிலாளர்களின் கையையும் நிதானத்தையும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மரியாதையாக இருக்கிறது.

கேப்பைச் சுற்றி ஓடும் மெல்லிய வண்ண வளையம்தான் புளி முதலில் தின்றுவிடுவது. பிரிட்டிஷ் முறையில் ஊதா என்றால் சாதாரணக் குண்டு, சிவப்பு ஒளித் தோட்டா, பச்சை கவசம் துளைப்பது, நீலம் தீ வைப்பது. மண்ணில் கிடந்தது என்றாலும் ஒரு ஓரத்தில் கடுகளவு நிறம் மிஞ்சியிருக்கும், லென்ஸில் தேடுங்கள்.

அடுத்து உறையின் வாய் வழியாக டார்ச் அடித்து அடியைப் பாருங்கள். கேப்பின் தீ மருந்துக்குப் போகிற துளை அங்கே தெரியும். நடுவில் ஒரே துளை இருந்தால் பாக்ஸர் முறை. இரண்டு சின்னத் துளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பெர்டன் முறை. இரண்டும் அந்த முறைகளைக் கண்டுபிடித்தவர்களின் பெயர். பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் பிரிட்டிஷ் படைத் தோட்டாவில் இருப்பது பெர்டன், அமெரிக்கத் தோட்டாவில் இருப்பது பாக்ஸர். எழுத்து தேய்ந்துபோன .303இல் ஒரே துளை தெரிந்தால், அமெரிக்காவிலோ கனடாவிலோ செய்ததா என்று யோசியுங்கள்.

வேட்டைத் துப்பாக்கித் தோட்டாவில் அடியில் 12 என்று இருக்கும். 1912 என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது குழல் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தில் அந்தக் குழலுக்குப் பொருந்துகிற 12 உருண்டை வார்க்கலாம் என்று அர்த்தம். அமெரிக்க வின்செஸ்டர் தோட்டாவின் அடியில் 1901 என்று முழுசாக இருக்கும். அதுவும் மாதிரியின் வருஷம்தான், செய்த வருஷம் இல்லை. இங்கே பயன்படுவது கம்பெனிப் பெயர். ஈலி, கைனாக் இரண்டும் தனித்தனி கம்பெனிகள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1918இல், இரண்டும் ஒரே குடைக்குள் வந்தன. 1926இல் அவற்றையும் உள்ளடக்கி ஐ.சி.ஐ. என்ற பெரிய ரசாயனக் கம்பெனி பிறந்தது. அதனால் ஈலி-கைனாக் என்று சேர்ந்திருந்தால் 1918க்குப் பின், ஐ.சி.ஐ. எழுத்து இருந்தால் 1926க்குப் பின். உறையின் உடம்பு காகித அட்டையா பிளாஸ்டிக்கா பாருங்கள். பிளாஸ்டிக் உறையை ரெமிங்டன் கொண்டுவந்தது 1960இல். சக்திமான் என்ற பெயர் இருந்தால் நம் அரசாங்கத் தொழிற்சாலைச் சரக்கு.

எழுத்தே இல்லாத உறையும் பேசும். அமெரிக்காவின் மொன்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற போர்க்களம். 1876இல் கஸ்டர் என்ற அதிகாரியின் அமெரிக்கக் குதிரைப்படையை லகோட்டா, செயென் பழங்குடி வீரர்கள் வீழ்த்திய இடம். 1983இல் அங்கே புல்வெளி தீப்பற்றி எரிந்து தரை வெறுமையானது. மறு வருஷம் ரிச்சர்ட் ஃபாக்ஸ், டக்ளஸ் ஸ்காட் என்ற தொல்லியலாளர்கள் உலோகம் காட்டும் கருவியோடு இறங்கி, ஒவ்வொரு உறையும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்தார்கள். படைவீரர்களின் ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி உறைகள் செம்பு. அடியில் எழுத்தே கிடையாது. அவற்றைச் செய்த அமெரிக்க அரசின் ஃபிராங்ஃபோர்டு ஆயுதசாலை அடியில் மாதமும் வருஷமும் குத்த ஆரம்பித்ததே 1877இல்தான். எழுத்து இல்லாததே அங்கே பின் எல்லை ஆகிவிட்டது. அத்தோடு நிற்கவில்லை. துப்பாக்கி ஊசி குத்துகிற பள்ளம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கொஞ்சம் மாறும். அந்தப் பள்ளங்களை ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி எங்கே எங்கே நகர்ந்து சுட்டது என்று கண்டுபிடித்தார்கள். யார் எந்தப் பக்கம் ஓடினார்கள், எங்கே நின்று எதிர்த்தார்கள் என்பது அந்தச் சின்னப் பள்ளங்களிலிருந்து தெரிந்தது. ஒரு உறை எங்கே கிடந்தது என்பதைக் குறிக்காமல் சட்டைப் பையில் போட்டால் எவ்வளவு தொலைந்துபோகும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

எழுதி வைக்கும் முறை

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சின்னக் காகித உறை. மேலே, எங்கே யாரிடமிருந்து கிடைத்தது, எந்த ஆழத்தில், பக்கத்தில் வேறு என்ன இருந்தது. கீழே, கண்ணால் பார்த்தது மட்டும்: எழுத்து எழுத்தாக, அம்புக்குறி உட்பட, தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி. அதற்கும் கீழே முன் எல்லை, பின் எல்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம். பார்த்ததையும் ஊகித்ததையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். பித்தளையை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், ரப்பரில் இருக்கும் கந்தகம் அதைக் கறுக்க வைக்கும். எங்கள் ஊர்ப் பனியில் கத்தி மறுபடி துருப்பிடிக்கும் என்பதால் அலகில் எண்ணெய் தடவி, தோல் உறைக்குள் போடாமல் தனியாக வைக்கிறேன். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

என் நோட்டிலிருந்து ஒரு பதிவு, மாதிரிக்கு: "ராட்ஜர்ஸ், இரண்டு அலகு, எருமைக் கொம்பு. பெரிய அலகடியில் நட்சத்திரம், சிலுவை. கிரீடத்தின் இரு பக்கமும் ஜி, ஆர். ஸ்டெயின்லெஸ் என்ற சொல் இல்லை. அலகில் கரும்பழுப்பு, அங்கங்கே துரு, சாதாரண எஃகுதான். அலகு சாணை பிடித்துப் பிடித்து மெலிந்திருக்கிறது; நகப்பள்ளத்துக்கும் கூருக்கும் நடுவில் இடமே இல்லை, நெடுநாள் உழைத்த கத்தி. முன் எல்லை 1910, காரணம் ஜி எழுத்து. பின் எல்லை 1952க்குச் சற்றுப் பின், காரணம் அதே. எந்த ஜார்ஜ் என்பது முத்திரையிலிருந்து முடிவாகவில்லை. இருந்த பெட்டியில் 1938 தேதியிட்ட ரசீது. அது பெட்டிக்குச் சாட்சி, கத்திக்கு இல்லை."